மீட்டியரில் மீன் விலைப் பலகை: இதுவரை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, நெல்லிக்குப்பம் பக்கம் கொண்டுபோய் விற்பவர் என் சித்தப்பா. வீட்டில் இருக்கும் சித்திக்கு அதற்குள் வாடிக்கையாளர்களின் போன் வர ஆரம்பித்துவிடும். வஞ்சிரம் இருக்கா, சங்கரா என்ன விலை? சித்தப்பா ஏலத்தில் நின்றபடி விலையைத் தட்டினால் அந்த நொடியே சித்தியின் போனில் தெரிய வேண்டும். இவ்வளவுதான் ஆப். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அவருக்கு ஏல வேலை குறைவு. சோதித்துப் பார்க்கத் தோதான நேரம்.

வெப் ஆப் கட்டும் ஃபிரேம்வொர்க்கான மீட்டியரை எடுத்தது இதற்காகத்தான். சர்வரும் பிரவுசரும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட். டேட்டாபேஸில் ஒரு வரி மாறினால், அந்தப் பட்டியலுக்கு சப்ஸ்கிரைப் செய்திருக்கும் எல்லாத் திரையிலும் தானாக மாறும். சர்வரோடு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் கோடு ஒரு வரிகூட நாம் எழுத வேண்டாம். மாங்கோடிபி என்ற டேட்டாபேஸும் கூடவே வந்துவிடுகிறது. புதுப் புராஜெக்ட் உருவாக்குவது, பட்டியல் காட்டுவது, லாகின் வைப்பது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிகாரப்பூர்வப் பாடத்தைப் பார்த்தே முடித்துவிடலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். மீட்டியருக்கு உதவிக் குறிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் பழையவை. மீட்டியர் 1.0 வந்தது 2014 அக்டோபரில். அப்போதைய உற்சாகத்தில் எழுதப்பட்ட உதாரணங்கள் ஏராளம். அவை எல்லாம், பதிலுக்குக் காத்திருக்கும் கோடைச் சாதாரண வரிபோல எழுதவிடும் ஃபைபர்ஸ் என்ற நுட்பத்தை நம்பியவை. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 16 முதல் அது வேலை செய்யாது என்பதால் மீட்டியர் நெடுநாள் நோட் 14-லேயே தங்கிவிட்டது. 2024 ஜூலையில் வந்த 3.0 ஃபைபர்ஸைக் கழற்றிவிட்டு, காத்திருக்கும் இடத்தை அவெய்ட் என்று எழுதிக் காட்டும் அசிங்க்–அவெய்ட் முறைக்கு மாறியது. அதனால் பழைய கோடை அப்படியே ஒட்டினால், சர்வரில் (டேட்டாபேஸிலிருந்து ஒரு பதிவை எடுக்கும்) ஃபைண்ட்ஒன் கிடையாது, ஃபைண்ட்ஒன்அசிங்க் போடு என்று பிழை வரும். பிழைச் செய்தியே வழி சொல்லிவிடுவதால் இதில் வருத்தமில்லை. எந்த உதாரணத்தைத் திறந்தாலும் சர்வர் பக்கம் அவெய்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லையென்றால் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு கோடை விட்டுவிடுகிறேன். 2-லிருந்து 3-க்கு மாறுவதற்கான மைக்ரேஷன் கையேடு, புதிதாகத் தொடங்குகிறவருக்கும் நல்ல அகராதி.

பிறர் எழுதிவைத்து நாம் சேர்த்துக்கொள்ளும் பேக்கேஜ்களிலும் இதே கதை. மீட்டியரின் அட்மாஸ்ஃபியர் களஞ்சியத்தில் வெளியார் எழுதிய பேக்கேஜ்கள் எழுதியவர் பெயர், முக்காற்புள்ளி, பேக்கேஜ் பெயர் என்று இருக்கும். ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் எடுத்துத் தன் பெயரில் தொடர்வது சகஜம். இரவில் அன்றைய விலைகளை ஒதுக்கிவைக்க, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சிங்க்டு-க்ரான் தேவைப்பட்டது. அதே பெயரில் பல கிளைகள். நட்சத்திர எண்ணிக்கையை நம்பினால் பழையதில்தான் போய் நிற்போம். பேக்கேஜின் மூலக் கோடில் பேக்கேஜ்.ஜேஎஸ் கோப்பைத் திறந்து, எந்த மீட்டியர் பதிப்புகளுக்கானது என்று சொல்லும் வெர்ஷன்ஸ்ஃப்ரம் என்ற வரியில் 3.0 இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து சரியான வழி. சின்ன பேக்கேஜ் என்றால் அதை நம் ஆப்பின் பேக்கேஜஸ் ஃபோல்டரில் இறக்கி நாமே திருத்திக்கொள்ளலாம். அங்கே இருப்பதற்குத்தான் மீட்டியர் முன்னுரிமை தரும்.

"அங்க டவர் ஒழுங்கா எடுக்காதுப்பா, நான் போட்டது போச்சுன்னா?" என்று சித்தப்பா கேட்டார். போவதைவிட இரண்டு முறை வருவதுதான் பிரச்சினை. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால், திரும்பக் கிடைத்ததும் மீட்டியர் அதே மெத்தடை, அதாவது சர்வருக்கான அந்த அழைப்பை, மறுபடி அனுப்பும். சோதிக்க, சர்வரில் சேமித்த பிறகு சில நொடி தாமதம் வைத்து, நடுவில் போனின் டேட்டாவை அணைத்துப் போட்டேன். மெத்தட் சர்வரில் மட்டும் இருந்து, ஒவ்வொரு முறையும் சர்வரே புது அடையாள எண் போட்டதால், ஒரு கூடை கவலை மீன் இரண்டு கூடையாகப் பதிவானது! நோரிட்ரை என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மறுபடி அனுப்பாது. ஆனால் சேர்ந்ததா இல்லையா என்று அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏலக் கூச்சலில் அது நடக்காது. ஆகவே பட்டனை அழுத்தும்போது போனிலேயே ரேண்டம் பேக்கேஜால் ஓர் அடையாள எண் உண்டாக்கி அதையும் சேர்த்து அனுப்புகிறேன். சர்வரில் புதிதாகச் சேர்க்கும் இன்சர்ட் கிடையாது, அந்த எண்ணில் அப்சர்ட்அசிங்க்: பதிவு இருந்தால் திருத்தும், இல்லையென்றால் சேர்க்கும். எத்தனை முறை வந்தாலும் பதிவு ஒன்றுதான்.

இடையில் ஒரு சின்ன எரிச்சல். மீன் பெயர்களை வரிசைப்படுத்தினால் கிளி மீன் முன்னால், கிழங்கான் பின்னால். யூனிகோடில் ளகரம் ழகரத்துக்கு முந்தி நிற்பதால் டேட்டாபேஸ் தரும் வரிசை அப்படி. இதற்கு மீட்டியர் உலகத்தில் தேட வேண்டியதில்லை, ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டில்.கொலேட்டருக்குத் தமிழின் குறியீட்டைக் கொடுத்தால் அகராதி வரிசை கிடைத்துவிடுகிறது.

பிரவுசர் டேப்பை மூடினால் அனுப்பக் காத்திருப்பதும் போய்விடும் என்பது இன்னும் பாக்கி. ஜாம்:ஆஃப்லைன் என்ற பேக்கேஜைத்தான் அடுத்து போட்டுப் பார்க்கப்போகிறேன். அதற்கு முன் சித்தி கேட்ட ஒன்று இருக்கிறது. ஏலம் கூடைக்கு, விற்பது கிலோவுக்கு. கூடைக்குக் கூடை எடை மாறும் என்பதால், எடையைச் சித்தப்பாவே தட்டும்படி ஒரு பெட்டி வைக்க வேண்டும்.