சிறுநீரகத்துக்காகத்தான் இந்த எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை

16 வயதில் என் பின்கழுத்து கறுக்கத் தொடங்கியது. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அம்மா என்னைக் குனியவைத்து, கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும், கறுப்பு போகாது. "ஏட்டி, ஒழுங்காய்க் குளிக்கமாட்டாயா?" என்று ஆச்சி திட்டுவாள். அது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்துக் காலில் முள் குத்திய புண் ஆறாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனபோதுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.8. இரண்டாம் வகை நீரிழிவு.

மெட்ஃபார்மின் மாத்திரை போதாமல் இன்சுலினும் வந்தது. ஊசி போடப் போட எடையும் கூடியது. 20 வயதில் 160 செ.மீ. உயரத்துக்கு 118 கிலோ இருந்தேன். அந்த வருடப் பரிசோதனையில்தான் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் கசிவது தெரிந்தது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தொடத் தொடங்கியதன் அடையாளம் அது. 30-க்குள் இருக்கவேண்டிய அளவு எனக்கு 94. காய்ச்சல் இருந்தாலும் கூடும் என்று மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்த்தார்கள். 110. நடுத்தர வயதில் வருகிற சர்க்கரையைவிட இளவயதில் வருவது உறுப்புகளை வேகமாகத் தாக்கும் என்று மருத்துவர் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை என்ற பேச்சை எடுத்தவர் மருத்துவர்தான். அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வை விளக்கினார். இரண்டாம் வகை நீரிழிவும் மிகுந்த எடையும் உள்ள வளரிளம் பருவத்தினரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 30 பேரையும், மருந்தில் இருந்த 63 பேரையும் ஒப்பிட்டார்களாம். ஐந்து ஆண்டுகளில் முதல் கூட்டத்தில் புரதக் கசிவு உள்ளவர்கள் 27 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறார்கள். மருந்துக் கூட்டத்தில் 21 சதவீதம் 43 ஆகிவிட்டது. "சின்ன ஆய்வு. சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்துச் செய்ததும் இல்லை. இதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்" என்று அவரே சொன்னார். அப்படி மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

சொந்தக்காரர்கள் யாரிடம் சொன்னாலும் "கல்யாணத்துக்கு ஒல்லியாகவா?" என்றே கேட்டார்கள். சிறுநீரகத்துக்காக என்றால் நம்பவில்லை. அப்பாவின் வேலையிடத்துக் குழுக் காப்பீடும் அழகுக்கான சிகிச்சை என்று முதலில் மறுத்துவிட்டது. அன்று இரவெல்லாம் அழுதேன். பிறகு பாலிசித் தாளை வரி வரியாகப் படித்தேன். 18 வயது நிறைந்து, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 40-ஐத் தொட்டால், மருத்துவர் பரிந்துரையோடு செலவு கிடைக்கும் என்று அதிலேயே இருந்தது. எனக்கு 46. அந்தப் பத்தியை அடிக்கோடிட்டு, மருத்துவரின் கடிதத்தோடு அனுப்பினோம். ஆறு வாரத்தில் ஒப்புதல் வந்தது. மறுத்துவிட்டார்களே என்று விட்டுவிடாதீர்கள், தாளைப் படியுங்கள்.

அறுவைச் சிகிச்சை மதுரையில். அதற்கு முன் உள்நோக்குக் கருவிச் சோதனை, கல்லீரல் ஸ்கேன், தூக்கச் சோதனை, மனநல ஆலோசகரோடு இரண்டு முறை பேச்சு. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. அது சுருங்கினால்தான் இரைப்பைக்கு வழி கிடைக்குமென்று இரண்டு வாரம் திரவ உணவு. என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டு வாரம்தான் கடினம். அறுவைச் சிகிச்சை நாளில் மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய்போல் விட்டிருந்தார்கள்.

மறுநாள் செவிலியர் அக்கா இருமல் மருந்துப் புட்டியின் அளவு மூடியில் தண்ணீர் கொண்டுவந்தார். 30 மில்லி. அதைக் கால் மணி நேரத்தில் குடிக்கவேண்டும். முதல் மிடறு நெஞ்சுக்குள் கல்போல் நின்று, மெல்ல இறங்கியது. கை அந்தச் சின்ன மூடியைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும் என்று அவர் மூடி மூடியாகக் கணக்கெழுதினார். ஊருக்குத் திரும்பும்போது ரத்தம் கட்டிவிடக்கூடாதென்று சாத்தூரிலும் கயத்தாற்றிலும் காரை நிறுத்தி நடந்தேன். சாத்தூரில் காராச்சேவு பொரிக்கும் வாசனை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

இன்சுலின் மருத்துவமனையிலேயே நின்றது. நானாக நிறுத்தவில்லை, அவர்கள் அளந்து அளந்து குறைத்தார்கள். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கூழ், பிறகு மசித்தது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுவதும். தலைவலி என்றாலும் கடையில் வலி மாத்திரை வாங்கக்கூடாது. பலவும் வயிற்றுக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது. ஒன்றரை வருடம் கர்ப்பம் கூடாது என்று, கல்யாணமாகாத என்னிடமும் சொல்லியனுப்பினார்கள். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. புரதம் போதவில்லை. பாசிப்பயறும் முட்டையும் கூட்டிய பிறகு நின்றது.

என் அக்காவின் மறுவீட்டு விருந்தில் ஆச்சி சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் மணக்க, இஞ்சித் துவையலோடு. மூன்று கரண்டியில் வயிறு நிறைந்துவிட்டது. "என் கையால் வைத்தது பிடிக்கவில்லையோ?" என்று ஆச்சி கண்கலங்கினாள். அவள் கையைப் பிடித்து என் வயிற்றின்மேல் வைத்து, இவ்வளவுதான் இடம் ஆச்சி என்றேன். அன்றிலிருந்து என் பங்கை எவர்சில்வர் கிண்ணத்தில் தனியாக எடுத்துவைக்கிறாள்.

ஒரு வருடத்தில் எடை 81 கிலோ. சர்க்கரைச் சராசரி 6.1, ஒரு மாத்திரை மட்டும். சிறுநீரில் ஆல்புமின் 26. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அப்பா அழுதார். எடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை அந்தச் சோதனை தொடர்கிறது, ஏனென்றால் நோய் திரும்பி வரலாம்.

தம்பிக்கு 14 வயது. சென்ற மாதம் அவன் பின்கழுத்தில் அதே கறுப்பைப் பார்த்தேன். மறுநாளே ரத்தம் கொடுக்க அழைத்துப் போனேன். 5.9, எல்லைக்கோடு. இப்போது காலையில் இருவரும் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடக்கிறோம். கடலை மாவு டப்பா இன்னும் கிணற்றடி மாடத்தில்தான் இருக்கிறது. அம்மா அதை அவன் கழுத்துக்கு எடுப்பதில்லை.