சூரியனை இரண்டு முறை துடைத்தேன்

பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே 1872-இல் தீட்டிய லெ ஆவ்ர் துறைமுகத்தை, இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணியின் பெயருக்கே காரணமான 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தை, எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைய ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அசல் 48-க்கு 63 செ.மீ.; என் கான்வாஸ் 12-க்கு 16 அங்குலம்.

முதல் தவறு, பென்சிலைக் கையில் எடுத்தது. கிரேன், பாய்மரம், புகைபோக்கி எல்லாவற்றையும் கோடு பிசகாமல் வரைந்து வைத்தேன். கட்டட வரைபடம் போல இருந்தது. மோனேயின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கிரேன் என்று எதுவுமே இல்லை. மூட்டத்துக்குள் நீலச்சாம்பலில் சில இழுப்புகள்தான். அழித்துவிட்டு, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தை அகலத் தூரிகையால் பூசினேன். அரை மணியில் புகை வந்துவிட்டது. "துறைமுகம் எங்கே?" என்றார் அம்மா. 1874 கண்காட்சியில் இதைப் பார்த்த விமர்சகர் லூயி லெராய், அரைகுறை வால்பேப்பர்கூட இதைவிட முடிந்த வேலை என்று எழுதினார். அம்மா பரவாயில்லை.

சிக்கல் சூரியனில்தான். காட்மியம் ஆரஞ்சில் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து வைத்தேன். பஜ்ஜிக் கடை பல்பு மாதிரி எரிந்தது. கைபேசியில் படமெடுத்து, நிறத்தை நீக்கிப் பார்த்தேன். அசலில் சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு. கறுப்புவெள்ளையில் சூரியன் கிட்டத்தட்ட மறைந்துவிடும். என்னுடையதோ வெள்ளை நாணயம் போலத் துருத்திக்கொண்டு நின்றது. துடைத்தேன், துணியோடு வானமும் வந்துவிட்டது.

அடுத்த முறை வெள்ளை சேர்க்கவில்லை. ஆனால் ஈர நீலத்தின் மேல் இரண்டு தடவை தேய்த்ததில் ஆரஞ்சு சேறாகிப்போனது. எதிர் நிறங்கள் கலந்தால் வேறென்ன ஆகும்? மறுபடியும் துணி.

வானத்தைச் சரிசெய்து ஒரு வாரம் காயவிட்டேன். பிறகு ஆரஞ்சைக் கெட்டியாக எடுத்து, ஒரே சுழற்று, கையை எடுத்துவிட்டேன். கறுப்புவெள்ளையில் தேடினேன், காணவில்லை. நிறத்தைத் திருப்பியதும் மூட்டத்துக்கு நடுவே நின்றது. அன்று அதற்கு மேல் தூரிகையைத் தொடவில்லை.

நீரில் விழும் ஆரஞ்சுக் கீற்றுகளை நேற்று வைத்தேன். மேலிருக்கும் இரண்டு கொஞ்சம் நேராகிவிட்டன, விட்டுவிட்டேன். இனி மூன்று படகுகள் பாக்கி. முன்னால் இருப்பது நன்றாக இருட்ட வேண்டும், தள்ளிப் போகப்போக வெளிற வேண்டும். தண்ணீர் இன்னும் விரலில் ஒட்டுகிறது.