துணி டயப்பரும் உப்புத் தண்ணியும்

பெரியவர்களுக்குத் துணி டயப்பர் கட்டுகிறோம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கும். அடுத்த கேள்வி, "துவைச்சா நாத்தம் போகுதா?" போகிறது. எங்கள் ஊர் உப்புப் போர்வெல் தண்ணியிலேயே போகிறது என்றால் வேறு எங்கும் போகும். தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனதிலிருந்து இந்தத் துணிகளைத் துவைப்பது என் வேலை. காலையில் தக்காளி மண்டிக்குப் போய்விட்டு வந்ததும் முதலில் உட்காருவது துவைக்கிற கல்லடியில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் கடை டயப்பர்தான் வாங்கினோம். ஒன்று 30, 40 ரூபாய். ஒரு நாளைக்கு நாலைந்து மாற்றினால் மாதக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். காசைவிடப் பெரிய தலைவலி, பயன்படுத்தியதை எங்கே போடுவது என்பது. கிராமத்தில் தினமும் குப்பை வண்டி வராது. எரித்தால் பிளாஸ்டிக் புகை, புதைத்தால் நாய் தோண்டிவிடும். சித்திரை வெயிலில் அப்பாவுக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்து வெந்துபோனது. அதற்கப்புறம்தான் துணிக்கு மாறினோம்.

அப்பா தயங்குவார் என்று நினைத்தேன். அவரோ, "சின்ன வயசுல கோமணத்தோடதான்டா கிணத்துல மாடு பூட்டிக் கவலை ஓட்டினேன், இதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டார். வெட்கப்பட்டதெல்லாம் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்கள்தான்.

துணி டயப்பரில் இரண்டு பாகம் உண்டு. வெளியே ஒரு கவர்: ஒரு பக்கம் பாலியூரித்தேன் பூசிய, தண்ணீர் கசியாத துணி, இடுப்பிலும் தொடையிலும் எலாஸ்டிக், பட்டன் அல்லது ஒட்டுப்பட்டை. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் துணி. கவரை ஆன்லைனில் வாங்கியே ஆகவேண்டும். உள்துணியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கவரோடு வந்த உள்துணி ஆறேழு அடுக்கு சேர்த்துத் தைத்தது. நன்றாக உறிஞ்சும், ஆனால் காயவே காயாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், விரலால் அழுத்தினால் நடுவில் சில்லென்று இருக்கும். அந்த நடு ஈரத்திலிருந்துதான் பூஞ்சை வாடை கிளம்புகிறது.

அதனால் நான் காடாத் துணிக்குப் போனேன். அகலமான துண்டாக வெட்டி, ஓரம் மட்டும் அடித்து, கட்டும்போது நீளவாக்கில் மடித்துக் கவருக்குள் வைப்பது. நடுவில் ஒரு பழைய டர்க்கி டவல் துண்டு. துவைக்கும்போது பிரித்து உதறினால் ஒற்றைத் துணி, எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

புதுக் காடாத் துணியை அப்படியே கட்டினால் ஒரு சொட்டும் உறிஞ்சாது. நெசவில் போட்ட கஞ்சியும் பஞ்சின் இயற்கையான மெழுகும் அதில் அப்படியே இருக்கும். பெரிய குண்டாவில் தண்ணீர் வைத்து, இரண்டு கைப்பிடி சலவை சோடா போட்டு, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் டீ நிறத்தில் மஞ்சளாக இறங்கும். கீழே ஊற்றிவிட்டு மறுபடி ஒருமுறை. அந்தக் காலத்தில் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்தார்களே, அதே கதைதான். உவர்மண்ணில் இருப்பதும் இந்தச் சோடாதான். கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்டால் ஆப்ப சோடாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது. சலவை சோடா என்று தெளிவாகக் கேளுங்கள். கையில் பட்டால் தோல் எரியும், உறை போட்டுக்கொள்வது நல்லது.

தினசரி வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மலம் பட்ட துணியை முதலில் கக்கூஸிலேயே தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் ஓங்கி அலச வேண்டும். எடுத்ததும் வெந்நீர் விட்டால் கறை துணியோடு வெந்து பிடித்துக்கொள்ளும், பிறகு எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மேலே ஒரு துண்டு போட்டுவிடுவதால் பாதி அசிங்கம் அதோடு போய்விடுகிறது. மூத்திரத் துணியையும் சும்மா எறியாமல் ஒருமுறை அலசிப் பிழிந்துதான் வைப்பேன். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மூடி வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாளியை மறுநாள் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும். எங்களிடம் தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடுக்குப் பஞ்சமில்லை; ஓட்டை உள்ள கிரேடில் பரப்பிப் போட்டு, ஈ மொய்க்காமல் மேலே கொசுவலைத் துண்டு. காற்று போய்வந்தால் நாற்றம் பாதிதான்.

அப்புறம் சோப்புத்தூள், முடிந்தவரை சூடான தண்ணீர், நன்றாகக் கும்மி, நுரை போகும்வரை அலசல். மெஷினில் போடுகிறவர்கள் உள்துணிக்கு 60 டிகிரி வைக்கலாம். கவருக்கு அவ்வளவு சூடு வேண்டாம், 40 போதும்.

இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில வாரம் கழித்துத் துணி வேலைநிறுத்தம் செய்தது. கட்டின கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் ஒழுகும், படுக்கை நனையும், எடுத்துப் பார்த்தால் துணியின் நடுப்பகுதி பாதி உலர்ந்தே கிடக்கும். கவரில் ஓட்டை என்று மனைவி சொன்னாள். கவரில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. காய்ந்த துணியை மேசையில் விரித்து ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். தாமரை இலையில் நிற்பதுபோலச் சொட்டு உருண்டு நின்றது. விரலால் தள்ளினால் நகர்ந்தது. உறிஞ்ச வேண்டிய துணி தண்ணீரைத் தள்ளுகிறது!

காரணம், எங்கள் வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாக அப்பும் அதே தண்ணீர் உப்புகள்தான். தர்மபுரித் தண்ணீர் என்றாலே எல்லோருக்கும் ஃப்ளோரைடும் பல்லில் விழும் பழுப்புக் கறையும்தான் நினைவுக்கு வரும். துணிக்கு ஃப்ளோரைடு ஒன்றும் செய்யாது. துணியைக் கெடுப்பது போர் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். மஞ்சள் பார் சோப்போடு இவை சேர்ந்தால் நுரை வருவதற்குப் பதில் பிசுக்குத் திரிகிறது. அலசினாலும் அது போவதில்லை, நூலிழையில் அப்பிக்கொண்டே வருகிறது. கறை பட்ட இடமாகப் பார்த்து மஞ்சள் சோப்பைத் தேய்ப்பது வீட்டு வழக்கம், அதனால்தான் நடுப்பகுதி மட்டும் மெழுகு பூசியதுபோல ஆனது. வாசனைக்காகக் கடைசியில் விடும் கம்ஃபர்ட் மாதிரியான திரவங்களும் இதே வேலையைச் செய்யும். துணி மெத்தென்று ஆவதே இழையின் மேல் ஒரு கொழுப்புப் பூச்சு படிவதால்தான். சேலைக்கு நல்லது, டயப்பருக்கு எமன்.

ஒகேனக்கல் தண்ணீரில் துவைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அது காவிரி ஆற்றுத் தண்ணீர், சோப்பு போட்டால் நுரை பொங்கும். 2013-இல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிப்பதற்கும் சமைப்பதற்கும் எங்களுக்கு அதுதான். ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கல்லடிக்குப் போனேன். "ஏங்க, குடிக்கிற தண்ணியிலயா பீத்துணி அலசுறது? அது வர்றதே என்னைக்கோ ஒருநாள்!" மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. குடத்தைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மறுபடி சலவை சோடாதான் கைகொடுத்தது. தேங்கிய பிசுக்கை எடுக்க முதலில் எல்லாத் துணியையும் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு கட்டியது. பார் சோப்பை நிறுத்தினேன். இப்போது தினமும் ஒரு வாளி போர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடாவை முதலில் கரைத்து, கொஞ்சம் விட்டு, பிறகுதான் சோப்புத்தூள். சோடா கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் தூள் பாதி போதும். ஒரு குறை, பிரிந்த சுண்ணாம்பு கொஞ்சம் துணியில் தங்கி விறைப்பாக்கும். வாரம் ஒருமுறை கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டால் அது கரைந்துவிடும். காய்ந்த துணியில் மாதம் ஒருமுறை ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன். உடனே உள்ளே போனால் சரி.

நாற்றத்துக்கு வருவோம். புது மூத்திரத்துக்கு அவ்வளவு வாடை கிடையாது. அதிலிருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கிறது. துவைத்துக் காய்ந்த துணியில் வாடையே இல்லாமல் இருந்து, நனைந்ததும் குப்பென்று அடித்தால், கிருமியும் பிசுக்கும் உள்ளேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் கொதி சோடாவும் வெயிலும்தான் வைத்தியம். இதற்குப் பிளீச்சிங் பவுடரைத் தூக்காதீர்கள். மூத்திரத் துணியில் நேராகப் பட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் விஷ வாயு வரும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு. எலாஸ்டிக்கும் கவரின் பூச்சும் கெட்டுப்போவது தனி.

இன்னொன்று, ஒழுகிவிடுமே என்று பயந்து அப்பா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். குறைத்தால் மூத்திரம் கெட்டிப்பட்டு வாடை இன்னும் கூடும், நோய்த்தொற்றும் வரும். வீட்டுக்கு வந்த நர்ஸம்மாதான் அதைக் கண்டுபிடித்து அவரைத் திட்டினார். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கினதே பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்ப்பதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்துவிடுங்கள். துணியில் ஒரு லாபத்தையும் நர்ஸம்மாதான் காட்டினார்: கடை டயப்பர் எல்லாவற்றையும் ஜெல்லாக உள்ளே இழுத்து மறைத்துவிடும், துணியில் நிறம் அப்படியே தெரியும். ஒருநாள் துணி கலங்கலாக, வழக்கமில்லாத வாடையோடு இருந்தது. பரிசோதனைக்குக் கொடுத்தபோது தொற்று என்றே வந்தது.

தோலுக்குத் துணி நல்லதுதான், நனைந்ததும் மாற்றினால் மட்டும். துணி ஈரத்தைத் தோலோடு வைத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கையை விட்டுப் பார்க்கிறோம், அப்படியே ஒரு பக்கம் திருப்பியும் படுக்க வைக்கிறோம். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் சிவந்து, அழுத்தி விட்டாலும் வெளுக்காமல் இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம், தள்ளிப்போடக் கூடாது. துத்தநாகக் களிம்போ தேங்காயெண்ணெயோ தடவினால் அதுவும் துணியில் அப்பி உறிஞ்சுதலைக் கெடுக்கும். அதனால் களிம்பு போடும் நாளில் வேட்டித் துண்டு கட்டாயம்.

உள்துணி நல்ல வெயிலில் காயட்டும். பழுப்புக் கறை ஈரத்தோடு வெயில் பட்டாலே வெளுக்கும். கவரை நிழலில் போடுங்கள், வெயிலில் எலாஸ்டிக் செத்துவிடும். ஒட்டுப்பட்டை உள்ள கவரை மூடி ஒட்டித்தான் துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் காடாத் துணியின் நூலையெல்லாம் பிய்த்துக்கொள்ளும். பட்டையில் சேரும் பஞ்சுக்குப் பழைய பல் பிரஷ். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது; கொடியைச் சமையலறை விறகடுப்புப் பக்கம் மாற்றிக் கட்டுகிறோம். நடுவில் போடும் டர்க்கி டவலை மட்டும் இஸ்திரி போட்டு ஈரத்தை வாங்குவேன்.

இரவில் மட்டும் கடை டயப்பர்தான். ராத்திரி மூன்று தடவை எழுப்பினால் அவருக்கும் தூக்கம் போச்சு, எங்களுக்கும் போச்சு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காரிமங்கலத்து அத்தை போனவாரம் மாமாவுக்காகப் போனில் விசாரித்தார்கள். மொத்தமாக ஒன்றும் வாங்காதீர்கள் என்றேன். இரண்டு கவர், கொஞ்சம் காடாத் துணி, அரைக்கிலோ சலவை சோடா. அதற்கு முன்னால் உங்கள் போர் தண்ணியில் சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தேன்.