படபடப்பு இருக்கும்போதே ஒரு ஈசிஜி

"நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று வந்து, ஈசிஜி எடுத்து, எல்லாம் நார்மல் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் ஈசிஜி டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய வயர் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில், இருக்கிறேன். திரும்பிப் போனவர்களில் சிலருக்கு உண்மையிலேயே இதயத்துடிப்புக் கோளாறு இருந்தது. நாங்கள் ஈசிஜி எடுத்த நேரத்தில் அது அடங்கியிருந்தது. அந்தத் தாளில் பதிவாவது சுமார் பத்து நொடிதான். நேற்று ராத்திரி சமையலறையில் நிற்க முடியாமல் உட்கார்ந்தபோது இதயம் எப்படி ஓடியது என்று இன்று காலை எடுத்த தாள் சொல்லாது.

இப்படி வந்து வந்து போகும் கோளாறுகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது எஸ்விடி, அதாவது கீழறைகளுக்கு மேலே மின்துடிப்பு தடம் மாறி இதயம் திடீரென்று வேகமாக ஓடுவது. இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் நோடில் மின்துடிப்பு பிறந்து, நடுவில் உள்ள ஏவி நோட் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. சிலருக்கு அந்த ஏவி நோடை ஒட்டி ஒரு பாதைக்குப் பதில் இரண்டு இருக்கும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. நேரம் தப்பி வரும் ஒரு துடிப்பு மெதுவான பாதையில் இறங்கி, வேகமான பாதையில் மேலேறி, அங்கேயே சுற்ற ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரை போகும். எஸ்விடியில் அதிகம் காணப்படும் வகை இதுதான், அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வால்வு, தசை, ரத்தக்குழாய் எதிலும் குறை இருக்காது. அதனால் எக்கோ நன்றாக இருக்கும், ட்ரெட்மில் நன்றாக இருக்கும், தைராய்டும் சரியாக இருக்கும். கடைசியில் பழி "பதட்டம்" மேல் விழும்.

எனக்கு இதில் உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. நாற்பது வயது ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் உடனே மானிட்டரில் போடுகிறார்கள். முப்பது வயதுப் பெண் அதையே சொன்னால், வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தூக்கம் வருதா, மாமியாரோடு சண்டையா என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. மனப் பதட்டத்தாலும் நெஞ்சு படபடக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பேசினாலே பாதி தெரிந்துவிடும். ஈசிஜி வயர்களை (லீட்) மாட்டிக்கொண்டே நான் கேட்பது மூன்று விஷயங்கள். ஸ்விட்ச் போட்ட மாதிரி சட்டென்று ஆரம்பித்து, அதேபோல் சட்டென்று நிற்கிறதா? கழுத்தில் துடிப்பது தெரிகிறதா? நின்ற பிறகு ஒண்ணுக்கு அதிகமாகப் போகிறதா? இந்தக் கோளாறில் மேலறையும் கீழறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்கும். மூடியிருக்கும் வால்வை எதிர்த்து மேலறை சுருங்குவதால் ரத்தம் கழுத்து ரத்தக்குழாய்களுக்குத் திரும்பித் தள்ளப்படும். மேலறை விரிந்து இறுகுவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் சிறுநீரை அதிகமாக்குகிறது. "ஆமா, எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று மூன்றாவது கேள்விக்கு நிமிர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. அதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். பதில்களைச் சீட்டின் ஓரத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்பிவிடுவேன். முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். குனிந்து விழுந்த ஊசியை எடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுமாம். பயந்த கோளாறு என்று திருநீறு போட்டு, தாயத்துக் கட்டி, அதன் பிறகு தூக்க மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். ஒரே ஒருமுறை படபடப்பு இருக்கும்போதே பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் ஈசிஜி எடுத்திருக்கிறார்கள். அது முக்கியமான தாள் என்று அவருடைய கணவருக்குப் புரிந்திருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். பையிலிருந்து எடுத்து நீட்டியபோது பார்த்தால் தாள் முழுவதும் கன்னங்கரேலென்று இருந்தது. "கடைக்காரர் போட்டுக் குடுக்கும்போதே இப்படி ஆயிடுச்சு மேடம்" என்றார் அவர். மனைவி ஒன்றும் பேசவில்லை.

ஈசிஜி மெஷின்கள் பலவற்றில் ஓடுவது தெர்மல் பேப்பர். மை கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், அவ்வளவுதான். லேமினேஷன் மெஷினுக்குள் போனால் மொத்தத் தாளும் கறுத்துவிடும். வெயிலிலோ பிளாஸ்டிக் கவருக்குள்ளோ நெடுநாள் கிடந்தால் கோடுகள் வெளுத்துப்போகும். எடுத்த அன்றைக்கே ஜெராக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது, அல்லது வெளிச்சத்தில் வைத்து போனில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை என்பதால் இங்கே இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 24 மணி நேர ஹோல்டர் மாட்டினோம், உடம்பிலேயே இருந்து நாள் முழுவதும் ஈசிஜி பதிவு செய்யும் சின்னக் கருவி அது. அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வரும் கோளாறுக்கு ஒருநாள் ஹோல்டர் பெரும்பாலும் கைகொடுக்காது. இப்போது சிலர் கைக்கடிகாரத்தில் எடுத்த ஈசிஜியைப் போனில் கொண்டுவருகிறார்கள். ஒரே ஒரு லீட்தான் என்றாலும் டாக்டர்கள் அதை ஆர்வமாக வாங்கிப் பார்க்கிறார்கள். சாத்தூர்க்காரரிடம் அப்படி எதுவும் இல்லை. "எப்ப வந்தாலும் சரி, எந்த ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கோ அங்க போய், டாக்டரைப் பாக்கக் காத்திருக்கும்போதே முதல்ல ஈசிஜி எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினோம்.

அவர் திரும்பி வந்தது எங்கள் கேஷுவாலிட்டிக்கே. அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குள் வந்திருந்தபோது ஆரம்பித்துவிட்டது. மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும் தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு துடிப்புகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று பார்த்து 300-ஐ அதால் வகுத்தால் துடிப்பு எண்ணிக்கை வந்துவிடும். அவருக்கு ஒன்றரைக் கட்டம், அதாவது 200. நெஞ்சில் ஒட்டும் லீட்களில் ஒன்றான வி1-ல் ஒவ்வொரு துடிப்பின் வாலிலும் ஒரு சின்ன முள் தெரிந்தது. பழைய நார்மல் ஈசிஜியில் அந்த முள் இல்லை. மேலறையின் அலை கீழறை அலையின் முதுகிலேயே ஏறி நிற்பதால் வருவது அது. டூட்டி டாக்டர் என் கையிலிருந்து தாளை வாங்கி, அதே இடத்தில் விரலை வைத்தார்.

இந்த ஓட்டத்தை நிறுத்த முதலில் மூச்சை முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளே இருக்கும் பிஸ்டன் நகர்கிற அளவுக்கு 15 நொடி ஊத வேண்டும். உடனே தலையணையை எடுத்துப் படுக்க வைத்து, காலை 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், வெறுமனே மூச்சை முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்கும், இப்படிக் காலையும் தூக்கியவர்களில் 43 சதவீதம் பேருக்கும் துடிப்பு இயல்புக்குத் திரும்பியது. செலவே இல்லாத சிகிச்சை என்பதால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம் உண்டு.

அவருக்கு அது கேட்கவில்லை. அடுத்தது அடினோசின், ஏவி நோடைச் சில நொடி அடைத்து அந்தச் சுற்றை நிறுத்தும் மருந்து. முழங்கையில் வென்ஃப்ளான் (ஊசி மருந்து ஏற்றும் குழாய்) போட்டு, 6 மில்லிகிராம் மருந்தை ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னாலேயே 20 மில்லி சலைனை அடிக்க வேண்டும். ரத்தத்தில் பத்து நொடிகூட அந்த மருந்து தங்காது, மெதுவாகப் போட்டால் வீண். ஆஸ்துமா இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். சிஸ்டர் அவர் காதருகே குனிந்து, "நெஞ்சு அடைக்கிற மாதிரி, உயிரே போற மாதிரி இருக்கும்மா, சில நொடிதான், நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றார். இதைச் சொல்லாமல் அடினோசின் போடுவது கொடுமை என்றே நினைக்கிறேன். மருந்து போனது. அவர் முகம் சிவந்து, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மானிட்டரில் கோடு நேராக ஓடியது. அந்த இடைவெளி எத்தனைமுறை பார்த்தாலும் நீளமாகத்தான் தெரியும். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, அப்புறம் ஒழுங்காக 90.

அந்தத் தாள் கையில் இருந்ததால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் அனுமதி வாங்கி, கேத் லேபில் ஈபி ஸ்டடி என்னும் இதய மின்பாதைப் பரிசோதனை செய்தார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய வயர்களை இதயத்துக்குள் வைத்து, வெளியிலிருந்து தூண்டி, அதே படபடப்பை வரவழைப்பார்கள். மேசையில் படுத்தபடியே "இதுதான், இதேதான்!" என்று அவர் சொன்னபோது குரலில் பயத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது. இத்தனை வருடமாகத் தான் சொன்னது பொய்யில்லை என்பதை ஓர் அறை நிறையப் பேர் திரையில் பார்க்கிறார்களே.

மெதுவான பாதை இருக்கும் இடத்தில் கதீட்டர் என்னும் மெல்லிய வயரின் முனையை வைத்து, ரேடியோ அலை மின்சாரத்தால் சூடாக்கிப் பொசுக்குவதுதான் அப்லேஷன். சரியான இடத்தில் சூடு படும்போது ஏவி நோட் பக்கத்திலிருந்து ஜங்ஷனல் துடிப்புகள் என்று சில மெல்ல எழும். திரையில் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருப்போம். அதே நேரம் இயல்பான பாதைக்கு அடி படுகிறதா என்றும் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த நொடியில் குரல் கொடுப்போம், டாக்டர் மின்சாரம் செலுத்தும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த இயல்பான பாதை கெட்டால் பேஸ்மேக்கர் வைக்க நேரும். நூறில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக நேரும் ஆபத்து அது. முன்கூட்டியே அவரிடம் தெளிவாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நூறில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்தச் சிகிச்சையிலேயே சரியாகிவிடும், ஒரு சிலருக்குத் திரும்ப வரலாம். அவர் மறுநாள் வீட்டுக்குப் போனார்.

எல்லாப் படபடப்பும் இப்படி நல்லபடியாக முடிகிற வகை இல்லை. வயதானவர்களுக்கும், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்பு தாறுமாறாக இருக்கும். மேலறையில் ரத்தம் கட்டி மூளைக்குப் போகும் அபாயம் உண்டு. அவர்களில் பலர் ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் என்றாலோ சிரிஞ்சு ஊதிப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் உண்டென்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

என்னைப்போல் ஈசிஜி எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடினோசின் போடும்போது மெஷினை நிறுத்தாமல் ஓட விடுங்கள். துடிப்பு எப்படி நின்றது என்பதில்தான் எந்த வகைக் கோளாறு என்ற துப்பு இருக்கிறது. பல இடங்களில் அந்த நேரத்தில் எல்லோரும் நோயாளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பதிவு செய்ய ஆள் இருக்காது. சரியான பிறகு இன்னொரு ஈசிஜி எடுங்கள். டபிள்யூபிடபிள்யூ என்று 1930-ல் மூன்று மருத்துவர்கள் விவரித்த, கூடுதல் மின்பாதை உள்ள கோளாறாக இருந்தால் பலருக்கு அது நார்மல் துடிப்பிலேயே தெரியும். தாளின் மேல் தேதி, நேரத்தோடு "படபடப்பு இருக்கும்போது எடுத்தது" என்று பேனாவால் எழுதுங்கள். ஒரு நகலை நோயாளி கையில் கொடுத்து, லேமினேஷன் போட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.