மயிலாடிக் கல்லில் ஒரு மச்சம்

சுசீந்திரம் கோயிலைப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போகும் முன், கல்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற மயிலாடிக்குள் திரும்பினேன். ஒரு பட்டறையின் வாசலில், வெளியூரிலிருந்து வந்த சாம்பல்நிறக் கற்பலகை ஒன்று தனியே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்தில் கரிய திட்டு. "அது கல்லுக்க மச்சம் சார், சாமி செலைக்கு ஆவாது," என்றார் முதிய சிற்பி. அவர் கழித்த கல்லை விட்டு எனக்கு அரை மணி நேரம் நகர மனமில்லை. கிரானைட்டும் பசால்ட்டும் உருகிய பாறைக் குழம்புகளாக இருந்தபோதே ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததன் தடயமாக அந்தத் திட்டு எனக்குத் தோன்றியது.

நிலத்தடியில் மெல்லக் குளிரும் கிரானைட் குழம்பின் வெப்பம் ஏறத்தாழ 700 முதல் 850 டிகிரி செல்சியஸ். ஆழத்திலிருந்து அதற்குள் புகும், உறைந்தால் கரும்பாறையாகும் பசால்ட் குழம்போ 1,100 டிகிரிக்கும் மேல் கொதிப்பது. குளிர்ந்த குழம்பைத் தொட்டதும் சூடான குழம்பின் ஓரம் சட்டென்று உறைவதால், அங்கே படிகங்கள் வளர நேரமின்றிப் பொடிப்பொடியாக நின்றுவிடுகின்றன. அந்தத் திட்டின் விளிம்பும் அப்படித்தான் நெருங்கிய மணிகளோடு இருந்தது. அதன் கோடு, தோசைக்கல்லில் ஊற்றிய மாவின் ஓரம்போல் வளைந்து வளைந்து சென்றது. உடைந்து விழுந்த பழைய பாறைத்துண்டாக இருந்திருந்தால் பெரும்பாலும் கூர்முனைகள் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது, கிரானைட்டில் வளர்ந்த ஃபெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனிமப் படிகம் ஒன்று, பாதி வெளியிலும் பாதி கரிய திட்டுக்குள்ளுமாகக் கிடந்ததுதான்: திட்டு இளகியிருந்தபோதே அது உள்ளே நுழைந்திருக்க வேண்டும்.

ஐஸ்லாந்துப் பாறைகளின் வேதியியலை இரு குழம்புகளின் கலப்பால் விளக்கலாம் என்று 1851-இல் எழுதிய ராபர்ட் புன்சன், நம் பள்ளி ஆய்வகத்துப் புன்சன் பர்னருக்குப் பெயர் தந்தவரேதான்.

மாலையில் கன்னியாகுமரிக் கரையில் அதே கண்ணோடு தேடினேன். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் பரவியிருக்கும், கிரானைட்டை ஒத்த சார்னோக்கைட் பாறைகள், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கடும் வெப்பத்தில் வெந்து, அழுத்தத்தில் இழுபட்டவை. ஆதலால் இங்கே கரிய பட்டையொன்றைக் கண்டவுடன் குழம்புக் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. விளிம்பின் நெளிவும் பொடிமணிகளும் அந்த வேக்காட்டிலேயே அழிந்திருக்கலாம். அலை நனைத்த பாறையில் ஒரு கரிய பட்டை, சேலைக் கரைபோல் நீண்டு மணலுக்குள் போனது. அதன் ஓரத்தை விரலால் தடவியபடியே நெடுநேரம் நடந்தும், மயிலாடிக் கல்லில் கண்ட அந்த வளைவு ஓரிடத்திலும் அகப்படவில்லை.