குழந்தையை நிற்கவைக்க வேண்டாம், இடத்தைத் தயார் செய்யுங்கள்

குழந்தையின் படம் கலங்கிப் போனால் பழி உடனே குழந்தை மேல்தான் விழும்: "ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது." நிற்காதுதான். ஆனால் வெளிச்சம், பின்னணி, கேமரா செட்டிங் மூன்றும் நம் கையில் இருக்கின்றன. குழந்தை வருவதற்கு முன்பே இவற்றை முடித்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உற்சாகம் பத்து, பதினைந்து நிமிடம் தாங்கினாலே பெரிது. அதில் பாதியை மெனுவுக்குள் தேடுவதில் கழித்துவிட்டு, மீதியில் "இங்க பாரு, சிரி" என்று கெஞ்சினால் நல்ல படம் வராது.

முதலில் வெளிச்சம். வீட்டுக்குள் என்றால், நேர் வெயில் விழாத பெரிய ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். வெயில் விழுகிறதா? மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். கலர் திரை என்றால் அந்தக் கலர் அப்படியே முகத்தில் ஏறிவிடும். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், அதிகம் போனால் ஒன்றரை மீட்டர் தூரத்தில் பாயோ நாற்காலியோ போடுங்கள். அதற்கு மேல் தள்ளினால் வெளிச்சம் வேகமாகக் குறையும், முகமும் சப்பையாகத் தெரியும். ஜன்னல் குழந்தையின் முகத்துக்கு நேர் எதிரிலும் இல்லாமல், முழுப் பக்கவாட்டிலும் இல்லாமல், சுமார் 45 டிகிரி சாய்வில் இருக்கட்டும். கண்ணின் மேல்பாதியில் ஜன்னல் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் இடம் சரி. அந்தப் புள்ளி இல்லாத கண் எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் உயிரில்லாமல்தான் தெரியும். நிழல் விழும் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், இரண்டடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு சுமார் 2700. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு. பிறகு எடிட்டிங்கில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

கைக்குழந்தை கட்டிலில் படுத்திருக்கும்போது பலரும் கவனிக்காத ஒன்று: தலை ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் நெற்றியிலிருந்து தாடை நோக்கி இறங்கும். கால் ஜன்னல் பக்கம் இருந்தால் வெளிச்சம் கீழிருந்து மேலே ஏறி, மூக்குத் துவாரங்கள் பளிச்சென்றும் கண்கள் குழியாகவும் தெரியும். பிள்ளையை மெல்லத் திருப்பிப் படுக்கவைத்தால் போதும், படமே மாறிவிடும்.

வெளியில் எடுப்பதானால் உச்சி வெயிலில் வேண்டாம், புருவ நிழல் கண்ணை மூடிவிடும். கட்டட நிழலின் ஓரம் நல்ல இடம். மரத்தடி நிழல் அப்படியில்லை. இலை இடுக்கில் விழும் வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கும், அதை எந்த ஆப்பும் சரிசெய்யாது. மாலை வெயிலில் சூரியனைக் குழந்தையின் முதுகுப் பக்கம் வைத்து, எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஏற்றாவிட்டால், பின்னால் இருக்கும் பிரகாசத்தை நம்பி கேமரா முகத்தைக் கருப்பாக்கிவிடும்.

அடுத்து ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பது. கலங்கிய படங்களில் பெரும்பாலானவை இதனால்தான் கெடுகின்றன. தூங்கும் குழந்தைக்கு 1/125 நொடி போதும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250. ஓடுவதற்கு 1/500, ஊஞ்சலுக்கும் குதிப்பதற்கும் 1/1000. ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற அளவு. ஓட்டம், குதிப்பு இல்லாத நேரத்தில், ஆட்டோ ஐஎஸ்ஓ-வில் குறைந்தபட்ச ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400 என்று வைத்துவிட்டு அதை மறந்துவிடலாம். ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிகளை ஓரளவு குறைக்க முடியும், கலங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பின்னணி மங்குவதற்காக அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்துவைக்கும் மோகம் எனக்குப் புரிகிறது, ஆனால் குழந்தைகளிடம் அது ஆபத்து. எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் மொத்தம் சுமார் 3 செ.மீ.தான். பிள்ளை லேசாக முன்னால் சாய்ந்தாலே ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போய்விடும். எஃப் 2.8 அல்லது 4 வையுங்கள். பின்னணி மங்க வேண்டும் என்றால் குழந்தையைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், அதுவே நன்றாக வேலை செய்யும். இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருந்தால் எஃப் 5.6, இரண்டு முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஃபோகஸ் தொடர் முறையில் (குழந்தை அசைய அசைய கேமராவே ஃபோகஸைத் திருத்திக்கொள்ளும்) இருக்கட்டும், கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதுவும் ஆன்.

போனில் எடுப்பவர்களுக்கு: லென்ஸைத் துடையுங்கள், பாதி மங்கல் விரல் ரேகைதான். முதன்மை கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. அகலக் கோணம். இரண்டடியில் நீட்டினால் மூக்கும் நெற்றியும் பெருத்து, காது பின்னால் ஓடிவிடும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். நைட் மோடு பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்குவதால் அசையும் குழந்தைக்கு ஒத்துவராது. அழகூட்டும் ஃபில்டரையும் அணைத்துவிடுங்கள்.

கேமரா எப்போதும் குழந்தையின் கண் மட்டத்தில். தவழும் பிள்ளை என்றால் தரையில் குப்புறப் படுத்தே எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை. நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் சின்னக் காலும்தான் வரும்.

நாம் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று: "சிரி" என்று சொல்லாமல் இருப்பது. சொன்ன உடனே வருவது பல்லைக் காட்டும் இளிப்பு. கைக்கு வேலை கொடுங்கள்: ஒரு இலை, ஊத ஒரு இறகு, திறக்க ஒரு டப்பா. கேள்வி கேளுங்கள். பதில் யோசிக்கும் முகம், சொல்லி முடித்த அடுத்த நொடி, இரண்டுமே நல்ல படங்கள். சிரிக்கவைக்க வேறு ஒருவர் உதவினால், அவர் லென்ஸுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டும். ஓரமாக நின்றால் பிள்ளையின் பார்வையும் ஓரமாகப் போகும். தூங்கி எழுந்து, சாப்பிட்டு அரை மணி நேரம் ஆன பிறகு ஆரம்பியுங்கள்.

பச்சிளம் குழந்தை கன்னத்தில் கைவைத்துத் தானே தலையைத் தாங்குவது போன்ற படங்களைப் பார்த்து வீட்டில் முயலவே வேண்டாம். முறையாக எடுப்பவர்கள் வேறொருவர் தலையையும் கையையும் பிடித்திருக்க, தனித்தனியாக எடுத்த படங்களை இணைத்துத்தான் அதை உருவாக்குகிறார்கள். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து விரல், காதுமடல், உச்சி முடி என்று நெருங்கி எடுங்கள், அருமையாக வரும்.

எடுத்து முடித்ததும் படங்களை முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண் இமை தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவில்லாதவற்றை அழித்துவிடுங்கள். கலரைச் சரிசெய்யும்போது கண்ணின் வெள்ளையை வைத்து அளவு பாருங்கள். மூக்கு ஒழுகலைத் துடைக்கலாம், கன்னத்துத் தோலை மட்டும் வழுவழுப்பாக்க வேண்டாம்.