கடைசி ஊசிக்குப் பிறகு

12 டிசம்பர் 2024, வியாழன்

இன்று கருத்தடை ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நாள். சிங்கப்பூர்த் தேக்கா மளிகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன். போகவில்லை.

ஐந்து ஆண்டுகளாகப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. முதலில் அரசின் வீவக அடுக்குமாடி வீடு வரட்டும் என்று; பிறகு கடன் குறையட்டும் என்று; பிறகு காரணம் சொல்லக்கூட மறந்துவிட்டோம். இரண்டாம் ஆண்டே மாதவிலக்கு நின்றுபோனது. அப்போது அதை வரமென்றுதான் நினைத்தேன்.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் கருமுட்டை வரத் தொடங்கிவிடுமாம். ஊசி மருந்து தசையில் தங்கி மெல்லக் கரைவதால், கருத்தரிக்க ஓராண்டுகூட ஆகலாம் என்றார் மருத்துவர். முதல் ஊசியின்போதே சொல்லியிருப்பார்கள். அன்று நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

2 மார்ச் 2025, ஞாயிறு

ஒன்றுமில்லை.

அத்தையிடம் இன்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் வெல்லப்பாகு காய்ச்சி, எள்ளுருண்டை பிடித்து, பழைய மைலோ டின்னில் அடுக்கினார். “எள் சூடு. இழுத்துக்கொண்டு வரும்” என்றார்.

உருண்டை பிடித்தபடியே தன் கதையையும் சொன்னார். ‘இரண்டே போதும்’ என்று அரசு சொன்ன காலம். மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூடுதல், பள்ளியில் முன்னுரிமையும் போய்விடும். 1986இல் இரண்டாவதாக என் கணவர் பிறந்ததும் அத்தை கருத்தடை அறுவை செய்துகொண்டார். 1987இல் அதே அரசு, ‘வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்’ என்றது. “எனக்கு ஒரு பெண் பிள்ளை வேண்டுமென்று ஆசை” என்றார். வெல்லம் ஒட்டிய விரல்களை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

19 மே 2025, திங்கள்

மாதவிலக்கே இல்லாதவளுக்கு நாள் தள்ளிப்போனது எப்படித் தெரியும்? அதனால் மாதம் பிறந்ததும் ஒரு சோதனைக் குச்சி வாங்குகிறேன். ஐந்து குச்சிகள், ஐந்திலும் ஒற்றைக் கோடு.

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு முயன்ற பிறகும், அதைத் தாண்டினால் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு நவம்பரில் 35 முடிகிறது. எந்தக் கணக்கில் என்னைச் சேர்ப்பார்களோ!

25 ஜூலை 2025, ஆடி இரண்டாம் வெள்ளி

வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். பட்டுப்புடவை, தலைநிறைய மல்லிகை, கையில் எலுமிச்சை மாலை. மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்போது அடிவயிற்றில் பழைய இழுப்பு. திரும்பி ஓடினேன்.

உள்பாவாடையில் காசளவுக்குப் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை. குளியலறைக் கதவில் சாய்ந்து அழுதேன். வீட்டில் நாப்கின்கூட இல்லை. நான்கு ஆண்டாக வாங்கவில்லையே.

“வந்துவிட்டது, அத்தை.”

தீட்டென்றால் சமையலறை வாசலிலேயே நிறுத்தி வைப்பவர், அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சட்டென்று நினைவு வந்து கையை விட்டார். மாலையை எடுத்துக்கொண்டு தனியாகவே போனார். அம்மனிடம் என்ன சொன்னாரோ.

13 ஆகஸ்ட் 2025, புதன்

சுழற்சியின் இருபதாம் நாள். ஒரு வாரமாகக் காலையில் கருமுட்டைச் சோதனைக் குச்சி பார்க்கிறேன். இன்று இரண்டாம் கோடு முதலாவதைவிடக் கருத்திருந்தது. 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. இவருக்கோ சாங்கியில் இந்த வாரம் முழுக்க இரவு வேலை. மேலாளரிடம் வயிற்றுப்போக்கு என்று சொல்லி விடுப்பு எடுத்தார். வேறு நோயே கிடைக்கவில்லையா என்றேன்.

சாயங்காலம் பார்த்தால் மேசையில் மைலோ டின்னைக் காணோம். பப்பாளிப் பழத்தையும் எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கொடுத்துவிட்டாராம் அத்தை. நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை!

28 ஆகஸ்ட் 2025, வியாழன்

முப்பத்து நான்கு நாள். விடியற்காலையில் வந்துவிட்டது. ஆடியில் என்னைச் சந்தோஷத்தில் அழவைத்த அதே சிவப்பு. இன்று பார்க்கவே பிடிக்கவில்லை. இவரை எழுப்பவில்லை.

சாயங்காலம் நான் விளக்கேற்றப் போகவில்லை. அத்தை ஒன்றும் கேட்கவில்லை, தானே ஏற்றினார். இரவு தண்ணீர் குடிக்கப் போனபோது மேசையில் மைலோ டின் திரும்ப வந்திருந்தது. திறந்தேன், எல்லாம் புதிது. அடி உருண்டைகள் இன்னும் சூடாக இருந்தன.